கூரை போட்ட பாலத்தில் ஒரு பென்சில் வரி

2003ஆம் ஆண்டு. பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவில் முடிந்துபோன விஷயம் இது. நடந்த இடம் தென் லண்டனில், டூட்டிங் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு பூங்கா. அந்தப் பூங்காவுக்குள் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. லண்டனில் எங்கள் தமிழ் ஆட்கள் நிறைய, தனிமை இராது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்கள் இருந்தார்கள்தான். ஆனால் எல்லோரும் ஷிப்ட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், என்னையும் சேர்த்து.

நான் இருந்த அறையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். சின்ன அறை, ஒரு கட்டில், அதற்கு இரண்டு பேர். நான் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் விடியக்காலை ஐந்திலிருந்து பகல் ஒரு மணி வரை வேலை. மற்றவர் எங்கோ ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தில் இரவு வேலை. நான் எழும்பிப் போன பிறகு அவர் வந்து அதே கட்டிலில் படுப்பார். பின்னேரம் நாலரைக்கு அவர் வெளியே போய்விடவேண்டும், ஐந்துக்குப் பிறகு அறை எனக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறைக்குள் இருக்கக்கூடாது என்பது வீட்டுக்கார அண்ணையின் கட்டளை. நகரசபைக் கவுன்சில்காரர் வந்து பார்த்தால் ஓர் ஆள்தான் இருக்கிறார் என்று காட்டவேண்டுமாம்.

அந்த மற்ற ஆளை ஏழு மாதத்தில் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். ஒருக்கால் மாடிப்படியில், ஒருக்கால் தெருமுனையில். கம்பளித் தொப்பி போட்ட மெலிந்த மனிதர், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். இரண்டு தடவையும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டோம். மற்றபடி அவர் எனக்கு ஒரு மணமாகத்தான் இருந்தார். நோவுக்குப் பூசுகிற தைலத்தின் மணம். தலையணையில், போர்வையில், திரைச்சீலையில்கூட அது பிடித்திருக்கும். நான் வந்தவுடன் ஜன்னலை அகலத் திறந்துவிடுவேன். விடிய வேலைக்குப் போகும்போதும் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவேன்.

அவருடைய லீவு நாளில் அவர் எங்கே படுத்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்தால் ஐந்து மணி வரைக்கும் எனக்குப் போக இடம் இல்லை. லைப்ரரிக்குள் கதிரையில் இருந்தபடி நித்திரையாகிவிடுவேன், வந்து தட்டி எழுப்புவார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு கோப்பையோடு எவ்வளவு நேரம் இருக்கலாம்? அப்படி அலைந்த ஒரு மழை நாளில்தான் பூங்காவுக்குள் ஓடிப்போய் அந்தப் பாலத்தின் கீழ், இல்லை, பாலத்துக்குள் ஒதுங்கினேன்.

பாலத்துக்குள் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் அது ஒரு நீளமான வீடு மாதிரி. இருபத்தைந்து அடி எடுத்து வைத்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம். கீழே பலகை, மேலே மரச்சில்லுகள் அடுக்கிய கூரை, இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் குறுக்கு மறுக்காகப் பின்னிய மரச்சட்டங்கள். நடுவில் இரண்டு பக்கமும் இருக்கைகள். அடியில் ஓடுவது ஆறு என்று சொல்ல முடியாத ஒரு மெல்லிய தண்ணீர். மழை பெய்தால் கூரையில் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் எதுவும் வாங்கச் சொல்லமாட்டார்கள், எழுப்பமாட்டார்கள். அன்றிலிருந்து அதுதான் எனது பின்னேர வீடு.

வாசலில் ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. எனது அரைகுறை ஆங்கிலத்தில் நான் எழுத்துக்கூட்டி விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: பாலம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது, முந்தி ஒரு பெரிய பணக்கார வீட்டுத் தோட்டத்தில் இருந்தது, அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள், மரத்தில் யாரும் வெட்டவோ எழுதவோ கூடாது. அதையும் மீறிச் சட்டங்களில் பழைய காலத்துப் பெயர்களும் இதயங்களும் வெட்டப்பட்டிருந்தன. எல்லாம் ஆங்கில எழுத்து.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள், இருக்கையில் சரிந்து படுத்திருந்தபோது கைப்பிடிச் சட்டத்தின் உள்பக்கம் எனது கண்ணில் பட்டது. குனிந்தால்தான் தெரியும் இடம். பென்சிலால், சின்ன எழுத்தில், தமிழில் ஒரு வரி.

"இண்டைக்கும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

நான் எழும்பி இருந்துவிட்டேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். நாயோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் நடந்து போனாள். இந்தப் பாலத்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போவார்கள், அவர்களில் ஒருத்தருக்கும் இதை வாசிக்கத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். யாரோ எனது காதுக்குள் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

மற்ற நாள் பென்சில் ஒன்று கொண்டுபோனேன். என்ன எழுதுவது என்று வெகு நேரம் யோசித்தேன். கடைசியில் அந்த வரிக்குக் கீழே ஒரு சொல்தான் எழுதினேன். "நானும்."

அடுத்த நாள் போனபோது பதில் இருந்தது. "சாப்பிட்டியளோ?"

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. லண்டனுக்கு வந்த பிறகு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் ஒரு மரச்சட்டம்தான்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் வரைக்கும் நாங்கள் அப்படியே பேசிக்கொண்டோம். நாளுக்கு ஒரு வரி, சில நாள் இரண்டு. இடம் நிரம்பினால் பழையதை அழிறப்பரால் அழித்துவிட்டு எழுதுவோம். "மழை." "ஓம், கூரைச் சத்தம் நல்லாயிருக்கு." "ஊரிலை ஆர் இருக்கினம்?" "அக்கா மட்டும். உங்களுக்கு?" "அம்மா." ஒருநாள் நான் பெயரைக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இருந்தது: "பேர் வேண்டாம். பேர் சொன்னால் ஊர் கேப்பியள். ஊர் சொன்னால் எல்லாம் கேப்பியள்." நான் தனியாக இருந்து சிரித்தேன். உண்மைதானே. அதன்பிறகு கேட்கவில்லை.

அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் பாணுக்கு வெண்ணெய் பூசும்போது, இன்றைக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். பட்டர் கூடிப்போச்சு என்று சூப்பர்வைசர் கத்துவார்.

ஒருநாள் அவர் எழுதியிருந்தார்: "அறையிலை இருக்கிற மற்ற ஆளுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போலை கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு நல்ல மனிதரைப் பிடிக்காமல் இருக்கிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருக்கவேண்டும்? நான் அழுத்தி எழுதினேன்: "அப்பிடியான ஆக்களோடை இருக்காதேங்கோ. வேறை அறை பாருங்கோ."

மற்ற நாள் பதில்: "அவரும் பாவம். தனிய இருக்கிறார் போலை."

இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அப்போது லண்டனில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் மாறிமாறி ஒரு கட்டிலில் படுத்தார்கள். அதுவும் தவிர, எனது மனதில் பாலத்தில் எழுதுகிறவர் ஒரு ஆள், கட்டிலில் மணக்கிறவர் வேறு ஆள். இரண்டையும் ஒன்றாக நினைக்க என்னால் முடிந்திருக்காது.

அதே கிழமையில்தான் நான் வீட்டுக்கார அண்ணைக்குப் போன் எடுத்தேன். தைல மணத்தில் எனக்குத் தலையிடி வருகிறது, நித்திரை இல்லை, வேலையில் பிழை விடுகிறேன் என்றேன். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

"அண்ணை, எனக்கு ஏலாது. ஆளை மாத்துங்கோ. இல்லாட்டி நான் வேறை இடம் பாக்கிறன்."

"பொறும், பொறும். நான் பாக்கிறன்" என்றார் அவர். பத்து நாள் கழித்து அவரே எடுத்தார். "கதைச்சுப் போட்டன். வாற சனிக்கிழமை அவர் போறார். ஞாயிற்றுக்கிழமை வேறை ஆள் வரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கவில்லை. அன்று ஜன்னலைத் திறந்துவிட்டு நன்றாக நித்திரை கொண்டேன்.

மற்ற நாள் செவ்வாய்க்கிழமை. பாலத்தில் புதிய வரி: "சனிக்கிழமையோடை இனி இஞ்சை வரமாட்டன்."

என்னை யாரோ நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. "ஏன்? எங்கை போறியள்?" என்று எழுதினேன். புதன்கிழமை ஓடிப்போய்ப் பார்த்தேன். பதில் இல்லை. சனிக்கிழமை என்ற சொல் திங்கட்கிழமைதான் போனில் எனது காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் எனது இழப்பை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிபோல், பதில் வந்திருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பூங்காவில் வேலை செய்கிற பெண். பச்சைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும், கையில் ஒரு வாளியும் துணியும். முந்தியும் கண்டிருக்கிறேன், இலை கூட்டிக்கொண்டு போவார். எனது கையில் பென்சில் இருந்தது.

ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் இருந்தாலும், சீருடை போட்ட ஆளைக் கண்டால் பயப்படுகிற பழக்கம் எங்களில் பலருக்குப் போகவில்லை. எழுதியது நான் இல்லை என்று முதலில் தலையை ஆட்டினேன். அவர் எனது பென்சிலைப் பார்த்தார். பிறகு, ஆமாம், நான்தான் என்று சொன்னேன்.

அவர் ஏசவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து மெதுவாக, எனக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் பேசினார். அடுத்த கிழமை பழைய கட்டடங்களைப் பார்க்கிற குழு வருகிறதாம். அதற்கு முன் புதிய கிறுக்கல்களைத் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம். பென்சில் என்றபடியால் பிழையில்லை, பேனாவால் எழுதியிருந்தால் பெரிய பிரச்சினை என்றார். இந்தப் பாலத்தை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, துண்டுக்கு ஒரு இலக்கம் வெட்டித்தான் கொண்டுவந்தார்களாம். ஒரு சட்டத்தில் உளியால் வெட்டிய கோடுகளைக் காட்டினார். நான் அதுவரை அவற்றையும் யாரோ காதலர் வெட்டியது என்று நினைத்திருந்தேன். கூரையைக் காட்டி, அது மனிதருக்காகப் போட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது அடியில் இருக்கிற மரம் மழையில் உக்கிப் போகாமல் இருக்கப் போட்டது என்றார்.

பிறகு அந்த வரிகளைக் காட்டி, துடைக்க முதல் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது, சனிக்கிழமை போகப்போகிறார் என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். தெரியாதா, எனக்குத் தெரியுமே என்றார். நீ ஒவ்வொரு நாளும் நாலரைக்குக் கடைப்பக்க வாசலால் போகிறாய், கால் மணித்தியாலத்தில் அவர் மற்ற வாசலால் வந்து இதே இடத்தில் குனிந்து எழுதுகிறார். கம்பளித் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். நீங்கள் இருவரும் அண்ணன் தம்பி, ஏதோ கோபத்தில் முகம் பார்க்காமல் இருக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன் என்றார். பிறகு மூக்கைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார். இருமல் மருந்து மாதிரி ஒரு மணம் அடிக்கும், சுகமில்லையா என்றுகூட ஒருநாள் கேட்டேன், தோள்மூட்டு நோ என்று சைகையால் காட்டினார் என்றார்.

சனிக்கிழமை. மற்ற ஆளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவரும் பாவம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. "அப்பிடியான ஆக்களோடை இருக்காதேங்கோ" என்று நான் எழுதியது என்னைப் பற்றித்தான்.

அந்தப் பெண் எனது முகத்தைப் பார்த்தார். துடைக்கிற வேலையைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எழும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். போனால் அவர் சனிக்கிழமை ஒன்றும் தெரியாமல் போய்விடுவார், எனக்கும் அவமானம் இல்லை. மூன்றாம் தடவை எழும்பியபோது பாலத்தின் அந்தப் பக்கத்தில் அவர் நின்றார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சட்டைப்பையில் கைவிட்டு அவசரமாக எதையோ தேடினார். கிட்ட வந்து கையை நீட்டினார். அறைத் திறப்பு, கதவுச் சாவி.

"இதுக்கோ வந்தனியள்? சனிக்கிழமை வரைக்கும் இருக்கலாம் எண்டெல்லே அண்ணை சொன்னவர். பரவாயில்லை, இந்தாங்கோ. என்ரை பையை மட்டும் ஒருக்கால் எடுக்கவேணும்."

தன்னை இன்றைக்கே வெளியே போகச் சொல்ல நான் தேடி வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

"இல்லை அண்ணை. திறப்புக்கு வரேல்லை" என்றேன். கைப்பிடிச் சட்டத்தைக் காட்டினேன். "அதிலை... நானும் எண்டு எழுதினது நான்தான்."

அவர் சட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லப் போய் இருக்கையில் உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கூரையில் ஒரு புறா நடக்கிற சத்தம் கேட்டது.

"ஏழு மாசமா ஒரு தலகணியிலை படுக்கிறம்" என்றார் கடைசியில்.

நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் எடுத்தது, கூட்டிச் சொன்னது, சனிக்கிழமை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும். அண்ணை சொன்னவர், உங்களுக்கு மணம் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு. அது பிழையில்லைத் தம்பி. எனக்கே சிலநேரம் ஏலாமல் கிடக்கும். பூசாட்டிக் கையைத் தூக்கேலாது, கையைத் தூக்கேலாட்டி வேலை இல்லை."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை."

"எப்ப சொல்லுறது? நான் வரேக்கை நீங்கள் இல்லை. நீங்கள் வரேக்கை நான் இல்லை." தோளைத் தடவிக்கொண்டு, "கட்டில் மட்டும் சூடாக் கிடக்கும்" என்றார்.

அந்த இடத்திலேயே வீட்டுக்கார அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் இருக்கட்டும், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன்.

"என்ன விளையாடுறீரோ? புது ஆளுக்குச் சொல்லியாச்சு. ஞாயிற்றுக்கிழமை சாமானோடை வரப்போறான்."

"அப்ப நான் போறன். அவர் இருக்கட்டும்."

"நீர் போறதெண்டால் போம். அந்தத் தைலக்காரர் வேண்டாம். புது ஆளும் மணக்குதெண்டு போன் எடுத்தால் நான் என்ன செய்யிறது?"

நான் தொடங்கிவைத்த பெயர் அது. ஒரு மாதத்துக்கு முதல் அவருக்கு அப்படி ஒரு பெயர் இருக்கவில்லை.

போனை வைத்த பிறகு, முன்னால் இருந்தவர் எனது கையில் தட்டினார். மான்செஸ்டர் பக்கம் தனக்குச் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் கடை வைத்திருக்கிறான், கல்லாவில் இருக்கிற வேலை, பாரம் தூக்கத் தேவையில்லை, எப்படியும் போக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வெளிச்சம் இருக்கும் வரைக்கும் பேசினோம். அவர் வேலைக்குப் போகவேண்டிய நேரம் வரை. பெயர் சொன்னார். ஊரும் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். அக்காவின் மூத்த பிள்ளைக்கு வெள்ளெழுத்து மாதிரிச் சின்ன வயதிலேயே கண் பிரச்சினை, அதற்காகத்தான் ஓய்வில்லாமல் வேலை செய்கிறேன் என்றார். லீவு நாளில் எங்கே படுப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். லீவு எடுப்பதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவில் நான் லண்டனின் மற்றப் பக்கம், வெம்பிளிக்குப் போய் இரவில் திரும்புவது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு நாள்தான் நாலரைக்குப் பிறகும் கட்டில் அவருக்கு.

பாலத்தில் முதல் வரியை ஏன் எழுதினார் என்று கேட்டேன். வாய் திறந்து ஒன்றும் பேசாமல் ஒரு கிழமை போயிற்றாம். தனது தமிழ் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எழுதியதாம். யாரும் வாசிப்பார்கள் என்று நினைக்கவில்லையாம்.

"நீங்கள் 'நானும்' எண்டு எழுதின அண்டைக்கு, கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தப் பாலத்திலை மூண்டு தரம் அங்கையும் இஞ்சையும் நடந்தனான்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது என்று என்னை ஏழு மணி வரைக்கும் வைத்துவிட்டார்கள். பாலத்துக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே அறைக்கு ஓடினேன், அவர் இருக்கும்போது போகக்கூடாது என்ற கட்டளையை முதல் தடவையாக மீறி. பஸ் வரவில்லை, பாதித் தூரம் நடந்தேன். போனபோது அறை திறந்திருந்தது. அவர் இல்லை.

கட்டில் துப்புரவாகக் கிடந்தது. தலையணை உறை, போர்வை, விரிப்பு, எல்லாவற்றையும் தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தார். திரைச்சீலைகூடத் தோய்த்திருந்தது, ஓரத்தில் இன்னும் ஈரம். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, அந்தத் தோளோடு, நித்திரை கொள்ளாமல் அதைச் செய்திருக்கிறார். அறை முழுக்கச் சவர்க்கார மணம். நான் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய மணம் கொஞ்சம்கூட இல்லை. எனக்கு வேண்டும் என்று கேட்டது அதுதானே.

ஞாயிற்றுக்கிழமை வந்த புது ஆள் நல்ல சத்தமான ஆள். எந்த மணமும் இல்லை. அவரோடு முதல் நாளே பேசினேன், அவர் வரும்வரைக்கும் வாசலில் நின்று. வீட்டுக்கார அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மான்செஸ்டர் போன அண்ணை பாலத்தில் தந்த நம்பருக்கு மூன்று தடவை பேசினேன். கடை வேலை பரவாயில்லை, தோள் கொஞ்சம் சுகம் என்றார். மூன்றாம் தடவை பேசும்போது பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது, அவர் யாருக்கோ பதில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலாம் தடவை எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. மான்செஸ்டர் பக்கம் போகிற ஆட்களிடம் எல்லாம் விசாரித்தேன். பெயரையும் ஊரையும் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பூங்காப் பெண் சொன்னபடி திங்கட்கிழமை துடைத்துவிட்டார். நான் போனபோது சட்டம் ஈரமாக இருந்தது. அவர் தூரத்தில் நின்று கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். அதற்குப் பிறகும் சில மாதங்கள் அங்கே போய் உட்கார்ந்தேன். குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகவில்லை.

இப்போது எனக்குச் சொந்த வீடு, மனைவி, பிள்ளைகள். வேலையில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், மற்றவரைப் பற்றி ஒவ்வொருவரும் என்னிடம் வந்து முறைப்பாடு சொல்லுவார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆளோடு ஒருக்காலாவது இருந்து பேசியிருக்கிறீர்களா? அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். அவர்களை நான் குறை சொல்வதில்லை, ஏனென்றால் முகம் தெரியாத ஒருவருக்காகக் கண் கலங்கிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரை வீட்டைவிட்டு அனுப்பிய மனிதன் நான்.